புண் ஆறினால் நோய் போய்விட்டதா?

பால்வினை நோய் என்றால் சீழும் எரிச்சலுமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். சிபிலிஸ் அப்படியல்ல. கிருமி தொற்றிச் சுமார் 3 வாரத்தில், விளிம்பு தடித்த ஒரு சிறு புண் வரும், பெரும்பாலும் வலிக்காது. களிம்பு தடவினாலும் தடவாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். நல்ல பெயர் களிம்புக்கு, கிருமியோ உடம்புக்குள்ளேயே. அடுத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வந்து, அவையும் மறையும். பல வருடம் கழித்து கிருமி இதயத்தையோ மூளையையோ தாக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே குணமாகும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயோ பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைக் கெடுக்கக்கூடியது. ஆக, தொந்தரவு இல்லை என்பதை வைத்து முடிவுகட்ட முடியாது. சோதனைதான் சொல்ல வேண்டும். அதற்காக வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் என்று பயப்படவும் வேண்டாம். நாற்றமும் அரிப்பும் இல்லாதது பெரும்பாலும் இயல்பானதே. தயிர்போல் திரிந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று.

ஒழுக்கமாக இருப்பவர்களுக்குச் சோதனை எதற்கு என்று கேட்பார்கள். கிருமி ஒழுக்கம் பார்ப்பதில்லை. கணவரிடமிருந்து மனைவிக்கும், அவரிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்கும் சிபிலிஸ் போகும். கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்வது அதனால்தான். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் நோய் திரும்ப வரலாம், துணைக்கும் சிகிச்சை வேண்டும் (வீடுகளில் கடினமான பேச்சு இதுதான்). ஆணுறை முழுப் பாதுகாப்பு இல்லையே என்பதும் நியாயமான கேள்வி. அது மூடாத தோல்வழியே ஹெர்ப்பிஸும் எச்பிவியும் தொற்றலாம். ஆனால் எச்ஐவி, கொனோரியா போன்றவற்றை முறையாக அணிந்த ஆணுறை பெருமளவு தடுக்கும். எச்பிவிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லமாட்டார்கள்.