கைக்குழந்தையுடன் குடும்ப விருந்து: அமைதியான உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தடுப்பூசிக்கு வரும் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குழந்தையை ஓட்டலுக்கு அழைத்துச் செல்லலாமா?" பெயர் சூட்டியாயிற்று; அப்பாரும் அப்புச்சியும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண விரும்புகிறார்கள்; பல வாரங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த தாயும் வெளியே வர ஏங்குகிறார். இந்த விருப்பம் நியாயமானது. நலமாக இருக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேர விருந்து பெருஞ்சுமை அன்று. சுமையாவது இரைச்சலும் பொருந்தாத நேரமுமே. இவ்விரண்டையும் முன்கூட்டியே கவனித்தால், குழந்தையும் உறங்கும், தாயும் நிம்மதியாக உண்பார்.

இரைச்சல் குழந்தையை எவ்வாறு பாதிக்கிறது?

கைக்குழந்தையின் காதுத் துளை மிகச் சிறியது. அதனால் எவர்சில்வர் தட்டுகள் மோதும் ஓசை போன்ற கூர்மையான ஒலிகள், பெரியவர்களின் காதில் விழுவதைவிட அழுத்தமாக அதன் செவிப்பறையை அடைகின்றன. ஒரு வேளை விருந்தால் கேள்வித்திறன் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உறக்கம் கலைகிறது, பால் குடிப்பது தடைப்படுகிறது, குழந்தை களைத்துப்போகிறது. ஒலிபெருக்கிக்கு அருகில் அமர்வதும், பிறந்தநாள் வெடிகளைக் குழந்தையின் அருகே வெடிப்பதும் காதுக்கே கேடு விளைவிக்கக்கூடியவை.

சாதாரண உரையாடலின் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். ஒலி 10 டெசிபல் கூடினால், நம் காதுக்கு அது இருமடங்காகத் தோன்றும். இரைச்சலுள்ள இடத்தில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்டு 1911-இல் எடுத்துரைத்தார். ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசையிலும் உயரும். நிரம்பிய உணவகத்தில் இரைச்சல் ஏறிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம்.

இடத்தை எவ்வாறு சோதிப்பது?

விருந்துக்கு முன்பு ஒரு நாள், நீங்கள் செல்லவிருக்கும் அதே நேரத்தில் ஒருவர் மட்டும் சென்று பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் இயல்பான குரலில் பேச முடிந்தால் அந்த இடம் பொருத்தமானது. குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

கிரானைட் மேசை, ஓடு பதித்த தரை, கண்ணாடிச் சுவர் ஆகியவை ஒலியைத் திருப்பி அனுப்பும். திரைச்சீலையும் மெத்தை இருக்கையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையில், மாலையில் திறந்த முற்றத்தில் உண்பது இதமாக இருக்கும். ஆயினும் கொசு கடிக்காதவாறு குழந்தையின் கை கால்களை மூடும் உடை அணிவியுங்கள்.

சமையலறைக் கதவு, கை கழுவும் இடம், ஒலிபெருக்கி, ஏசி காற்று நேரே வீசும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகிய மூலை மேசையைக் கேட்டுப் பெறுங்கள். தாய் மறைவாகப் பாலூட்ட இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. உணவகங்களில் கேட்டறிந்து செல்வதே நல்லது. 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரும் உணவகங்களில் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அவ்வாறு ஒதுக்கியுள்ள இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த நேரம் ஏற்றது?

கிராஸ்கட் சாலை, ஆர்.எஸ்.புரம் டி.பி. சாலை போன்ற கடைவீதிகளில் வார இறுதி மாலைகளும் பண்டிகைக் காலமும் நெரிசலானவை. முகூர்த்த நாள்களில் பெரிய உணவகங்களும் நிரம்பி வழியும். வார நாளில், மாலை ஆறரை மணிக்குள் அமர்ந்து எட்டு மணிக்குள் வீடு திரும்புவது நன்று. புறப்படும் முன் குழந்தைக்குப் பசியாற்றுங்கள். உணவு வகைகளை முன்னரே சொல்லி வைத்தால் காத்திருக்கும் நேரம் குறையும்.

மேசையில் கவனிக்க வேண்டியவை

சூடான காபி, சாம்பார், ரசம் ஆகியவையே மேசையில் உள்ள பெரிய ஆபத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எவரும் சூடானதை அருந்த வேண்டாம். ஒருவர் உண்ணும்போது மற்றொருவர் தள்ளி அமர்ந்து குழந்தையை வைத்திருக்கட்டும். சூடானது பட்டுவிட்டால், உடனே 20 நிமிடம் குழாய் நீரில் காட்டி, பின் மருத்துவமனைக்கு வாருங்கள். பற்பசையோ மையோ பனிக்கட்டியோ வைக்கக் கூடாது.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். பாயசத்தை நாவில் தடவுவதும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இட்லியையோ குழைந்த பருப்புச் சாதத்தையோ மசித்து ஊட்டலாம். அரிசியும் பருப்பும் சாதத்தில் காரம் இருக்கும் என்பதால், அதைக் கொடுக்க வேண்டாம்.

முகத்தைத் திருப்புதல், முதுகை வளைத்தல், முட்டியை இறுக்குதல், தொடர்ந்து கொட்டாவி விடுதல் ஆகியவை "போதும்" என்று குழந்தை சொல்லும் மொழி. அழுகை தொடங்கும் முன்பே வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது ஒத்திப்போட வேண்டும்?

பெண்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்று தவணைகள் 6, 10, 14-ஆவது வாரங்களில் போடப்படுகின்றன. தட்டம்மைக்கான முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த பின்பே. அதுவரை கூட்டமுள்ள மூடிய அறைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். சளி, இருமல் உள்ள உறவினர் அன்று வராதிருப்பதே குழந்தைக்கு அவர் தரும் சீர். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாயின், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், விருந்தை விடுத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

"குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது?" என்று தாயை மட்டும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம். சரியான இடத்தையும் நேரத்தையும் தேடும் பொறுப்பைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்ளட்டும்.