சக்கர வீட்டில் சாக்கோ பயணம்!

நத்தை தன் வீட்டை முதுகில் சுமந்துகொண்டு போகிறது. அமெரிக்காவில் மனிதர்களும் அப்படி ஊர் சுற்றுகிறார்கள்!

அதற்கென்று ஒரு வண்டி இருக்கிறது. "மோட்டார் வீடு" என்று பெயர். பஸ் போல நீளமாக இருக்கும். உள்ளே கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. குளியல் அறையும் உண்டு. குடும்பம் முழுவதும் ஏறிக்கொள்ளலாம். வழியில் ஓட்டலைத் தேட வேண்டாம். விடுதியையும் தேட வேண்டாம்.

எங்கும் போகும் இந்த வண்டியும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சாக்கோ பள்ளத்தாக்கு!

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில், வறண்ட பாலை நிலத்தில் அது இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பழங்குடி மக்கள் கட்டிய பெரிய மாளிகைகள் அங்கே இடிந்து கிடக்கின்றன.

எலும்பை உலுக்கும் பாதை

வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் சாக்கோவுக்குச் சுமார் 34 கிலோமீட்டர். முதல் 13 கிலோமீட்டர் தார் சாலை. கவலை இல்லை. மீதி 21 கிலோமீட்டர் மண் பாதை. அதிலும் ஏழு கிலோமீட்டர் படுமோசம்!

நெளி தகரத்தைத் தரையில் விரித்தால் எப்படி இருக்கும்? பாதை அப்படி இருக்கிறது. வண்டி ஓடும்போது தட்டுகள் கலகலக்கும். அலமாரிக் கதவு தானே திறந்துகொள்ளும். திருகாணிகள் கழன்று விழும்.

ஆகவே அனுபவசாலிகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்கள். தட்டுகளுக்கு நடுவே துணியைச் செருகுகிறார்கள். கதவுகளைக் கட்டிவைக்கிறார்கள். மாட்டு வண்டி வேகத்தில் மெதுவாக ஊர்ந்து போகிறார்கள்.

மழை பெய்தால் புறப்படவே கூடாது. களிமண் வழுக்கும். பெரிய வண்டி புதைந்துவிடும். ஆகவே பூங்கா அலுவலகத்துக்கு டெலிபோன் செய்து, பாதையின் நிலையைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. தெற்கிலிருந்து வரும் பாதை இதைவிட மோசம். மோட்டார் வீடுகள் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பள்ளத்தாக்கில் கடை கிடையாது. பெட்ரோல் கிடையாது. குடிநீர் கிடைக்கும். உணவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பாறைச் சுவர் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் தங்க இடம் உண்டு. ஆனால் 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அங்கே இடம் இல்லை!

600 அறை மாளிகை

இத்தனை தொல்லைக்குப் பிறகு அங்கே என்ன இருக்கிறது?

"புயப்லோ பொனிட்டோ" இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியில் "அழகிய ஊர்" என்று பொருள். ஒரே கட்டடம்; 600-க்கு மேற்பட்ட அறைகள். சில பகுதிகளில் நான்கு மாடி. வட்டமான நிலத்தடி மண்டபங்களும் உண்டு. அவற்றில் சடங்குகள் நடந்தன.

கி.பி. 850 வாக்கில் தொடங்கி, சுமார் 300 ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். இப்படிப் பல மாளிகைகள் பள்ளத்தாக்கில் எழுந்தன.

அவர்களிடம் இரும்புக் கருவி இல்லை. சக்கர வண்டி இல்லை. பாரம் இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனாலும் மாளிகைகளுக்குச் சுமார் 2 லட்சம் மரங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பல, 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலைகளில் வெட்டியவை. எல்லாம் மனிதர் தோளில் வந்தவை!

அந்த மரங்களே வயதையும் சொல்லிவிட்டன. மரத்தின் உள்ளே உள்ள வளையங்களை எண்ணி, அது எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று 1929-ல் கண்டுபிடித்தார்கள்.

2009-ல் இன்னொரு வியப்பு. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் கொக்கோவின் சுவடு இருந்தது. கொக்கோ அங்கே விளையாது. தெற்கே, மெக்சிகோவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதாவது, சாக்கோ மக்கள் அன்றே சாக்லேட் பானம் குடித்திருக்கிறார்கள்!

சாக்கோ மக்கள் சாலைகளும் போட்டார்கள். 30 அடி அகலம். அம்பு விட்டது போல் நேரானவை. சக்கரம் இல்லாதவர்கள் அகலமான சாலை போட்டார்கள். ஆறு சக்கர வண்டியில் போகும் நாமோ மண் பாதையில் திண்டாடுகிறோம்!

விழுந்த பாறை

மாளிகைக்குப் பின்னால் ஒரு பெரும்பாறை தனியே பிரிந்து நின்றது. அது விழும் என்று அந்த மக்களுக்குத் தெரியும். அதன் அடியில் கல்சுவர் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். பாறை பல நூறு ஆண்டுகள் நின்றது. 1941 ஜனவரியில் சரிந்து விழுந்தது. சுமார் 30 அறைகள் நொறுங்கின.

மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார்கள். 1130 முதல் நீண்ட பஞ்சம். மழை பொய்த்தது. கூட்டம் கூட்டமாக வேறு இடம் தேடினார்கள். ஆனால் அழிந்துவிடவில்லை. ஹோப்பி, சூனி முதலிய மக்கள் அவர்களுடைய வழித்தோன்றல்கள். இன்றும் சாக்கோ அவர்களுக்குப் புனித பூமி.

பாதையைச் செப்பனிடலாமா?

பாதைக்குத் தார் போட்டால் என்ன? இது நெடுநாள் வழக்கு.

"வேண்டாம். தார் போட்டால் கூட்டம் பெருகும். ஆயிரம் ஆண்டுச் சுவர் தாங்காது. கெட்ட பாதையே நல்ல காவல்காரன்" என்கிறார்கள் சிலர். அதில் நியாயம் உண்டு. மழையும் பனியும் அரிக்காமல் இருக்க, தோண்டி எடுத்த பல பகுதிகளை மறுபடி மண் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்!

ஆனால் அந்தப் பாதை ஓரத்தில் நவஹோ பழங்குடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நமக்கு ஒரு நாள் குலுக்கல். அவர்களுக்குத் தினமும் குலுக்கல்! அவர்கள் நல்ல பாதை கேட்டால் தவறா?

ஆகவே காவலைப் பாதையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. போகிறவர்களே காவல்காரர்களாக வேண்டும். சுவரில் ஏறாதீர்கள். சாய்ந்து உட்காராதீர்கள். உடைந்த பானை ஓடு கிடந்தாலும் எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தோளில் மரம் சுமந்து கட்டிய வீடு அது. அதை விட்டுவைப்பதற்குச் சுமை ஒன்றும் தூக்க வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாலே போதும்!