மூலமும் உரையும்

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை கண்டார். பின்வந்த சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் அவர் கருத்தை ஏற்றும் மறுத்தும் தம் உரைகளை யாத்தனர். மூலநூல் கற்றார் அனைவர்க்கும் எட்டியமையால் அன்றோ இது கூடிற்று? இலக்கணம் கற்பிக்கும் யான் மென்பொருள் பற்றி எழுதத் துணிந்ததும் இவ்வொற்றுமை கண்டே.

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதி மென்பொருள் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல, அதன் மூலநிரலை மறைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்கின்றன. திறமூல நெறியினரோ மூலத்தை வெளியிட்டு, கற்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவு தருகின்றனர்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவு செய்தற்கு, லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு தன்னார்வலர் ஒரு மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹானா' என்பது அதன் பெயர். மூலம் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்குள்ளார்க்கும் அது பயன்பட்டது.

அங்ஙனமாயின் வணிக நெறி தீதோ? அன்று. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பாரும் வேண்டும். தன்னார்வலர் ஊக்கம் தணியின் நல்ல நிரலும் கவனிப்பாரற்றுப் போகும். இரு நெறியும் இணைதலும் உண்டு. 2005இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், மூலத்தை வெளியிட்டுப் பராமரிப்புச் சேவைக்குப் பொருள் பெற்றது.

எங்கள் ஊவா மலைநாட்டுக்கு இதனால் ஆவது என்ன? 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. அத்தகைய வேளையில், ஆங்கு வாழ்ந்தார் யாவர், தப்பினார் யாவர் என்று பிழையின்றிக் காட்டும் பதிவேடு இன்றியமையாதது. மகனைத் தேடும் தோட்டத்துத் தாய் தன் மொழியில் அதனைப் படித்தறிய வேண்டாமா? மூலம் மறைக்கப்பட்டதாயின், தமிழ் வடிவம் வேண்டி விற்பவர் இசைவுக்குக் காத்திருத்தல் வேண்டும். திறமூலமாயின் பதுளை மாணவரே அதனைத் தமிழாக்கலாம்.

ஆயினும் உரிமை மட்டும் போதாது. அதனைக் கையாளும் கல்வியும் வேண்டும். கணினியை இயக்கப் பழக்குவதோடு நில்லாமல், நிரலைப் படிக்கவும் திருத்தவும் நம் தோட்டப் பாடசாலைகளில் பயிற்றுதல் வேண்டும். மூலம் கைக்கு எட்டியிருந்தும் உரை காண்பார் இல்லையேல் பயன் என்ன? ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பாராக.