முதுகில் ஒரு சிவப்பு வில்லை

ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தேன். மகனுடைய ஹாக்கிச் சட்டையின் முதுகில், இரு தோள்களுக்கும் நடுவே, ஒரு சிவப்புத் துணி வில்லையைத் தைக்க வேண்டும். அதில் 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும். 'பின்னாலிருந்து மோதாதே' என்று அர்த்தம். நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிள்ளைகளின் சட்டைகளில் இதைப் பார்க்கலாம்.

"அம்மா, இந்த வருஷத்திலேர்ந்து எங்க டீம்ல பாடி செக் உண்டு!" என்று குதித்துக்கொண்டு வந்தான். பதின்மூன்று வயசு. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

நம் ஊர் ஹாக்கி புல்தரையில். இங்கே பனித்தரையில், ஸ்கேட் மாட்டிக்கொண்டு காற்றாய்ப் பறக்கிறார்கள். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. வட்டை வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ மோதித் தடுப்பதுதான் பாடி செக். அதற்கு விதியிலேயே அனுமதி உண்டு. தலையைப் பார்த்து மோதுவதும், முதுகில் மோதுவதும்தான் குற்றம்.

தேசிய ஹாக்கி லீகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். 2004 பிப்ரவரியில் ஸ்டீவ் மூர் என்ற ஆட்டக்காரர் மோதியதில் வான்கூவர் அணித் தலைவருக்குத் தலையில் அடி. லீக் தண்டனை தரவில்லை. வான்கூவர் அணியினர் கறுவிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 8-ந் தேதி அந்த அணியின் டாட் பெர்ட்டூசி, மூரைப் பின்னாலிருந்து குத்தி முகம் குப்புறத் தள்ளினார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அதன் பிறகு அவர் அந்த லீகில் ஆடவேயில்லை. குத்தியவரோ, 2005 ஆகஸ்டில் தடை நீங்கி மறுபடி ஆடப் போய்விட்டார்!

தண்டனை தருகிறவர்கள் மேல் நம்பிக்கை போனால் பழிவாங்கல்தான் மிச்சம். வீட்டில் அண்ணன் தம்பி சண்டையில் நாம் பார்க்காததா?

லீகும் பாடம் கற்றது. 2010-ல் தலையில் மோதுவதைத் தடுக்கத் தனி விதி வந்தது. 2011-ல் ஆட்டக்காரர் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரிவு. மோதலை வீடியோவில் போட்டுப் பார்க்கிறார்கள். தலையில்தான் பட்டதா, தவிர்த்திருக்க முடியுமா, முன்பும் செய்தவரா என்று ஆராய்கிறார்கள். தடை விதித்தால் காரணத்தையும் எல்லோருக்கும் விளக்குகிறார்கள். தடைக்காலச் சம்பளமும் போச்சு! 2015-ல் ராஃபி டாரஸ் என்பவருக்கு 41 ஆட்டங்கள் தடை. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் சரிபாதி.

சிறுவர் ஆட்டத்திலும் மாற்றம் வந்தது. 2013-ல் கனடா முழுவதும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிரிவில் பாடி செக்கை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் என் பிள்ளைக்கு இப்போது முதல் வருஷம்.

பந்தோ, சைக்கிளோ, எங்கே தலையில் அடிபட்டாலும் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தலைவலி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம், சொன்னதையே திரும்பச் சொல்வது - இதில் ஒன்று இருந்தாலும் ஆட்டம் அன்றோடு நிற்க வேண்டும். டாக்டர் சரியென்ற பிறகுதான் மறுபடி மைதானம். ஒன்டாரியோவில் 2018-ல் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். நன்றாக நினைவு இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். நினைவு தப்பாமலும் மூளை அதிரலாம்.

"தலை வலிச்சா மறைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றேன். பண்ணினான்.

நூலை முடிச்சுப் போட்டுச் சட்டையைக் கொடுத்தேன். "கண்ணா, முன்னால போறவன் முதுகுல இந்த வில்லை தெரிஞ்சா, அதையும் ஒரு அம்மாதான் உட்கார்ந்து தைச்சிருப்பாங்கன்னு நெனைச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. வில்லையை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.