திருமுக்கூடல் ஆதுலர்சாலை: பதினைந்து படுக்கை, யாருக்கு?

மாகறல் எங்க அம்மாவோட ஊர். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பக்கம் போனால், செய்யாற்றங்கரையில் இருக்கு. போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப, மாமா தன் போனில் வந்த ஒரு ஃபார்வர்டைக் காட்டினார். "சோழர் காலத்துலயே நம்ம பக்கத்துல எல்லாருக்கும் இலவச ஆஸ்பத்திரி இருந்துச்சாமே, நெஜமாடா?"

"பாதி நெஜம் மாமா" என்றேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

மாகறலைத் தாண்டிப் போகும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் சேருகிற இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கு. கோயில் செலவுகளோடு ஒரு வேதபாடசாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவும் அதில் இருக்கு. ஆதுலர் என்றால் நோயாளி.

படிக்கும்போது ஒரு நிறுவனத்தின் வருடாந்திர பட்ஜெட் மாதிரியே இருக்கும். படுக்கை 15. நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு வருடத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவரும் இருவருக்கு 60 கலம், 2 காசு. மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15, தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15. இரவு முழுக்க எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் தனியாக.

எனக்குப் பிடித்தது இந்த விவரம்தான். கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவது சுலபம். தண்ணீர்க்காரருக்கும் விளக்கெண்ணெய்க்கும் வருடா வருடம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பதுதான் கஷ்டம். இங்கே வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானத்தை இந்தச் செலவுகளுக்கென்று கட்டிவைத்தார்கள்.

இனி மீதிப் பாதி. இந்த 15 படுக்கையும் ஊருக்குப் பொது இல்லை. பாடசாலை மாணவர்கள், ஆசிரியர்கள், கோயில் பணியாளர்கள் ஆகியோரில் நோயுற்றவர்களுக்கானவை. ஆற்றங்கரையில் உழுதவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டியலில் வரி இல்லை. 'எல்லாருக்கும் இலவசம்' என்பது ஃபார்வர்ட் எழுதியவர் சேர்த்தது.

பட்டியலில் வராதவர்களே பட்டியல் எழுத உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதற்கும் இதே வட்டாரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1981ல், காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் 13 பெண்கள் சேர்ந்து 'ரூரல் விமென்ஸ் சோஷியல் எஜுகேஷன் சென்டர்', சுருக்கமாக ருவ்செக், என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 12 பேர் உள்ளூர் தலித் பெண்கள், இன்னொருவர் டி.கே. சுந்தரி ரவீந்திரன். கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பிறகு கிளினிக் வந்தது. வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு உடல்நலப் பயிற்சி, குடும்ப வன்முறை பற்றி ஆண்களிடமும் பேசுவது என்று வேலை விரிந்தது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு மருந்து மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஏன்னா அது அவர்கள் தெரு.

ஆனால் இன்றைய தொண்டு அமைப்புகளுக்கு வயலைக்காவூர் கிடையாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று வருட நிதித் திட்டங்களில் ஓடுபவை. நாம் நன்கொடை கொடுக்கும்போதும் கட்டில், கருவி வாங்கத்தான் கை நீளுது. நர்ஸ் சம்பளத்துக்கு நீளுவதில்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு அமைப்புக்குக் கொடுக்கும்போது, "இது சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும்" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

மாமா தறி நெய்தவர். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நம்மள அங்க சேர்த்திருக்க மாட்டாங்க, அப்படித்தானே?" என்றார். பட்டியல்படி, ஆமாம்.