மறுபிறவி எடுக்கும் கார்கள் – 9: நூற்றுப்பத்துக்கு நூற்றுப்பத்து

சென்ற வாரம் பெட்ரோல் காரில் அதைவிடப் பெரிய பெட்ரோல் என்ஜினை ஏற்றுகிறவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் வருகிறவர்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். வேகத்துக்கென்றே பிறந்த காரிலிருந்து பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, அங்கே டர்போ டீசலை உட்கார வைக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இவர்கள் விரும்பித் தேடும் கார்களில் ஒன்று, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. அதிலும் பழைய, எடை குறைந்த முதல் தலைமுறைக் கார்.

1976இல் விற்பனைக்கு வந்த ஜிடிஐயில் 1.6 லிட்டர் என்ஜின், 110 குதிரைத்திறன். காரின் எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். மணிக்கு 182 கிலோமீட்டர் போகும். சாதாரணக் குடும்பக் கார் இப்படி ஓடியது அன்று பெரிய அதிசயம். அதே 1976இல்தான் கோல்ஃபில் டீசலும் வந்தது. 1.5 லிட்டர், வெறும் 50 குதிரைத்திறன். ஒன்று பறந்தது, மற்றது ஊர்ந்தது. ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆடி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெட்ரோல் என்ஜினின் இரும்பு பிளாக்கை அடிப்படையாக வைத்தே அந்த டீசலையும் செய்தார்கள். 1990களில் வந்த 1.9 லிட்டர் டிடிஐ டர்போ டீசல் வரை அந்த வம்சம் தொடர்ந்தது.

அதனால் கிடைத்த சலுகை பெரிது. வேறு கம்பெனி என்ஜினை ஏற்றுகிறவர்கள், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் போல்ட் துளைகள் பொருந்தாமல் தனியாக அடாப்டர் பிளேட் கடைந்து வாங்க வேண்டும். அதில் இம்மியளவு கோணல் இருந்தாலும் கிளட்ச்சும் பேரிங்கும் போய்விடும். கோல்ஃபில் அந்தத் தலைவலி இல்லை. இருபது வருடம் கழித்து வந்த டீசலும் பழைய கியர்பாக்ஸோடு அப்படியே சேர்ந்துகொள்கிறது.

இரண்டு என்ஜின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு இன்னும் துலங்கும். பெட்ரோல் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் துளை, டீசல் பிளாக்கிலும் அதே இடத்தில் இருக்கிறது. டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பதால் அங்கே ஒரு வாக்குவம் பம்ப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். அது தேவைதான். பெட்ரோல் என்ஜின் மூச்சை இழுக்கும்போது த்ராட்டிலுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக்குக்குத் துணை நிற்கிறது. டீசல் தடையில்லாமல் காற்றை உள்ளே வாங்குவதால் அந்த வெற்றிடம் உண்டாகாது. பம்ப் வேலை செய்யாவிட்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும். டேக்கோமீட்டருக்கும் இதே சிக்கல். அது சுற்றுகளை எண்ணுவது இக்னிஷன் காயிலிலிருந்து. காயிலே இல்லாத டீசலில் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து, மீட்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த வேலைக்குப் பலர் தேடிப் பிடிக்கும் டிடிஐயின் திறனும் 110 குதிரைத்திறன்தான். ஜிடிஐக்குச் சரிசமம். பிறகு எதற்கு இந்தப் பாடு?

ஜிடிஐயின் முறுக்குவிசை 140 நியூட்டன் மீட்டர். அதுவும் 5,000 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும். டீசலுக்கு 235, வெறும் 1,900 சுற்றிலேயே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,900 சுற்றில் டீசல் ஏறத்தாழ 64 குதிரைத்திறனைத் தந்துவிடுகிறது. ஜிடிஐயின் முழு முறுக்குவிசையும் அந்தச் சுற்றிலேயே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 38ஐத் தாண்டாது. மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் மிதித்தவுடன் கார் கிளம்புகிறதே, அந்த பிக்கப்புக்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்ஜினை மட்டும் மாற்றிவிட்டு, ஜிடிஐயின் கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜிடிஐ தன் உச்ச வேகமான 182இல் போகும்போது என்ஜின் சுற்றுவது 6,100ஐ ஒட்டி. டீசலோ 4,500 சுற்றிலேயே களைத்துவிடும். அதே கியரில் 4,500 என்றால் கார் போவது 135 கிலோமீட்டர்தான். முதல் கியர் 35ஐ ஒட்டியே தீர்ந்துபோகும். ஏறி மிதிப்பதற்குள் அடுத்த கியர், அதற்குள் அடுத்தது. ஓட்டுகிறவருக்குக் கார் முதுகில் அறைவது போல இருக்கும்; கடிகாரத்தில் பார்த்தால் பழைய பெட்ரோல் காரை முந்தியிருக்காது. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசையை என்ஜினும் கியரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த மாற்றத்தில் முதலில் வாங்க வேண்டியது கியர்பாக்ஸ். அதன் பிறகுதான் என்ஜின்.

வேறொரு காரணமும் இருக்கிறது. பழைய கோல்ஃப் கியர்பாக்ஸில் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். டீசலின் முறுக்கு தாங்காமல் ரிவெட் தலை அறுந்தால், அது உள்ளேயே சுழன்று அலுமினிய உறையைக் குத்திக் கிழித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு போல்ட் போடுகிறார்கள். இன்னும் தெளிவானவர்கள் 1980களின் கடைசியில் வந்த கனமான கியர்பாக்ஸுக்கே மாறிவிடுகிறார்கள். டீசல் கார்களில் வந்த அந்த பாக்ஸில் உயர் கியர்கள் நீளமானவை. அதற்காக மவுண்ட், கியர் கேபிள், ஹைட்ராலிக் கிளட்ச் எல்லாம் மாற்ற வேண்டும். செலவுதான். ஆனாலும் நெடுஞ்சாலையில் கார் நிம்மதியாக மூச்சு விடும்.

அடுத்தது ட்யூனிங். கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதினால் இந்த டிடிஐயிலிருந்து 140 குதிரைத்திறனை ஒட்டியும், 300 நியூட்டன் மீட்டர் அளவிலும் எடுக்கிறார்கள். இன்ஜெக்டரின் நாசில் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கடுகளவு பெரிதாக்கினாலே டீசல் கொட்டும். பெட்ரோல் என்ஜினைத் தட்டிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கே. பெட்ரோலில் எரிபொருளைக் கொஞ்சம் கூட்டினால் எரிப்பின் சூடு தணியும். டீசலில் அப்படியே தலைகீழ். எரிபொருள் கூடக் கூட வெப்பம் ஏறும். புகைக்காற்று 800 டிகிரியைத் தாண்டி நீடித்தால் முதலில் டர்போவுக்கும், பிறகு பிஸ்டனுக்கும் ஆபத்து. டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி பொருத்தாமல் யாரும் ட்யூனிங்கைத் தொடக் கூடாது.

பின்னால் கரும்புகை கக்குவதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். அது முழுதாக எரியாத டீசல். காசு கொடுத்து வாங்கியது கரியாகப் பறக்கிறது. பின்னால் வருகிறவரின் நுரையீரலுக்குள்ளும் போகிறது. நல்ல ட்யூனர் முதலில் கூட்டுவது காற்றைத்தான். பெரிய டர்போ, முன் கிரில்லுக்குப் பின்னால் நல்ல இன்டர்கூலர், அதற்கப்புறம் எரிபொருள். அப்படிச் செய்த கார் முழு மிதியிலும் லேசாகத்தான் புகைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்துக்குத் தனி ஆய்வும் ஒப்புதலும் வேண்டும். பிரேக் முதல் புகை வரை அங்கீகாரம் பெற்ற நிபுணர் பார்ப்பார். வேலை தொடங்குவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுவது உத்தமம். 30 ஆண்டு கடந்த பழைய நிலை மாறாத கார்களுக்கு அங்கே தனி எண்பலகை உண்டு. அது இருந்தால் நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் தடையின்றி நுழையலாம். பிற்காலத்து டீசலை ஏற்றினால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். மற்ற கார்கள் அந்த வட்டத்துக்குள் நுழையத் தேவையான பச்சை ஸ்டிக்கரும் 1990களின் டிடிஐக்குக் கிடைக்காது. அதாவது, பெர்லினின் நடுப்பகுதிக்குள் பழைய ஜிடிஐ போகலாம், டீசல் ஏற்றிய ஜிடிஐ போக முடியாது. ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்கள், கழற்றிய பெட்ரோல் என்ஜினையும் அதன் வயரிங்கையும் விற்காமல் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

அடுத்த வாரம்: பின்லாந்துக்காரர்கள் ஆறு சிலிண்டர் மெர்சிடிஸ் டீசலை எங்கெல்லாம் ஏற்றுகிறார்கள்?

(தொடரும்)