கவனம்! வலிக்காத பருவை நம்பாதீர்கள்

கையிலோ முகத்திலோ ஒரு சிறு பரு. வலி இல்லை, கடி இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை. மெல்லப் பெருத்து, நடுவில் குழி விழுந்து புண்ணாகிறது. "நுளம்பு கடித்திருக்கும்" என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அது மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் நோயாக இருக்கலாம்!

இலங்கை மண்ணிலேயே இந்த நோய் தொற்றிய முதல் ஆள் 1992இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2001க்குப் பிறகு வன்னிக் காடுகளில் நின்ற இராணுவத்தினர் பலருக்கு இதே புண் வந்தது. 2008இல் இது மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. அநுராதபுரம், பொலனறுவை, குருநாகல், மாத்தறை என்று இன்று பரந்து கிடக்கிறது. "அது தெற்கத்திய நோய்" என்று வடக்கில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. நெடுந்தீவிலும் மணல் ஈ பிடிபட்டிருக்கிறது.

இந்த ஈ இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். நுளம்பைவிடச் சிறியது, சாதாரண வலைக்கண்ணுக்குள் நுழைந்துவிடும். இரையாது, கடித்த பிறகே தெரியும். தண்ணீரில் முட்டையிடாது. மாட்டுப்பட்டியின் ஈர மண், சாணக் குவியல், புற்று, உக்கிய இலைச்சருகு, இவையே அதன் பிறப்பிடம். ஆகவே நுளம்புக்காகச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் இது ஒழியாது.

சில நூறு மீற்றருக்கு மேல் இது அதிகம் பறப்பதில்லை. அதனால் பக்கத்து ஊரில் எடுத்த கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. ஊர் ஊராகப் போய்த்தான் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வுக்காரர்கள் அந்தியில் விளக்குப் பொறி தொங்கவிடுகிறார்கள், ஆமணக்கெண்ணெய் பூசிய தாளை வைக்கிறார்கள், மாட்டைக் கட்டிய வலைக்குள் வரும் ஈக்களைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக இனம் பிரிக்கிறார்கள். பல்லி, ஓணான் இரத்தம் குடிக்கும் மணல் ஈக்களும் உண்டு. நோய் பரப்பும் ஃபிளெபொட்டோமஸ் ஆர்ஜென்டிபெஸ் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. பொறியே வைக்காத ஊர் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்து "இங்கே ஈ இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் பேராபத்து!

ஏனென்றால் இந்த நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி லேசுப்பட்டதல்ல. 1903இல் சென்னையில் அதைக் கண்ட சார்ள்ஸ் டொனோவனின் பெயரையே தாங்கிய லீஷ்மேனியா டொனோவானி அது. பீகாரில் மண்ணீரலை வீங்கவைத்து உயிர் குடிக்கும் கறுப்புக் காய்ச்சலுக்கும் அதே இனம்தான் காரணம். இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. உள்ளுறுப்புகளைத் தாக்கிய சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

ஆய்வுக்காரர் உங்கள் வளவில் பொறி வைக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். மாட்டுப்பட்டியை வீட்டிலிருந்து தள்ளி அமையுங்கள், சாணத்தை அன்றன்றே அகற்றுங்கள். அந்தியில் வயலுக்கோ காட்டுக்கோ போனால் கைகால் மூடிய உடுப்பு போடுங்கள். மருந்தூட்டிய, கண் நெருங்கிய வலைக்குள் படுங்கள்.

இன்றிரவே பிள்ளைகளின் முகத்தையும் கைகால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஆறாத பரு தென்பட்டால் நாளைக் காலையே அரச ஆஸ்பத்திரியின் தோல் நோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வேளைக்குப் போனால் புண்ணில் போடும் ஊசியோடு ஆறும். பிந்தினால் முகத்தில் வடு நிலைத்துவிடும்.